யாருக்கும் கொடுக்காத எண்

என் கைபேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று அது ஏன் என் வாயில் வரவில்லை? இந்தக் கேள்வியோடு மூன்று வருடமாக இருக்கிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

என் துணி அலமாரியின் இழுப்பறையில் ஒரு நீல நிறப் பொத்தான் போன் இருக்கிறது. தலையில் சின்ன டார்ச், தொட்டால் பஞ்சு போல அமுங்கும் பொத்தான்கள். வாரம் ஒருமுறை அதற்குச் சார்ஜ் போடுகிறேன். எண் செத்துவிடக் கூடாது என்று தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். அந்த எண் ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. என் கணவருக்குக்கூடத் தெரியாது. உள்ளே வந்த அழைப்புகள் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. ஒன்றை எடுத்தேன். ஒன்றை எடுக்கவில்லை.

அந்த ஆளை நான் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உத்தமபாளையத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை இருந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர் பழுது பார்ப்பார். பழைய லேப்டாப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்பார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தனியாக இருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை; ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் அனுமந்தன்பட்டிக்கு மருமகளாக வந்தவள். கணவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் மாமியார், நான் பெரிய மாமா என்று சொல்லும் கணவரின் அண்ணன், அவர் குடும்பம், நான், என் மகள். மகளுக்கு ஆறு மாதம் முடிந்து சாப்பாடு ஆரம்பித்தபோது எதைக் கொடுத்தாலும் துப்பினாள். ஊசி போடப் போன இடத்தில், குமுளியைச் சேர்ந்த நர்ஸ் ஒருவர், "ஏத்தக்காய்ப் பொடி காய்ச்சிக் கொடுத்துப் பாருங்க" என்றார். அவர் சொன்ன ஏத்தக்காய், அதாவது நேந்திரங்காய், எங்கள் தோட்டத்திலேயே காய்த்தது. தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெள்ளை வேட்டிக்குக் கீழே மொட்டை மாடியில் காயவைத்து, அரைத்துச் சலித்துக் காய்ச்சினேன். கிண்ணம் காலியானது. அந்த நர்ஸுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். அவர் தன் தங்கைக்குக் கேட்டார். தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அப்படித்தான் இது தொழிலானது. நான் கேஸ் அடுப்பை மூன்று முறை மூடிப் பார்க்கிறவள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருகிறவள். இந்தப் பயம் எதற்குமே உதவாது என்று நினைத்திருந்தேன். குழந்தைகளுக்கான மாவுக்கு மட்டும் உதவியது. ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டையும் ஒடித்துப் பார்ப்பேன்.

விலாசம், அரைத்த தேதி, எடை எல்லாம் அச்சடித்து ஒட்டவேண்டும், வாங்குகிறவர்களின் பட்டியலை ஒழுங்காக வைக்கவேண்டும் என்று வந்தபோது அக்காவின் கடைக்குப் போனேன். புது லேப்டாப் வாங்க நகை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு போனவளை அவர் உட்காரவைத்தார்.

"புதுசு வாங்குனா உங்களுக்குப் பெருமை, எனக்குக் கமிஷன். மாவுக்கு என்ன லாபம்? விலை கம்மியா இருக்கணும், கரண்டு போனா நீங்க கண்ணீர் விடக் கூடாது. அம்புட்டுதான் கணக்கு."

அவர் கொடுத்தது ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட லேப்டாப். பேட்டரியும் உள்ளே இருந்த டிஸ்கும் மட்டும் புதிது. லேபிள் அடிக்க, மை தேவைப்படாத ஒரு சின்ன பிரிண்டர். ஒரு யூபிஎஸ். எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, "தோட்டத்து மோட்டாரைப் போடச் சொல்லுங்க" என்றார். மோட்டார் ஓடத் தொடங்கும்போது எங்கள் வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கும். அதை அவர் வாசலில் கேட்டே தெரிந்துகொண்டிருந்தார். மோட்டார் போட்டார்கள், விளக்கு மங்கியது, பிரிண்டர் பாட்டுக்கு லேபிளைத் துப்பிக்கொண்டிருந்தது. பிறகு மெயின் சுவிட்சையே அணைத்தார். மாமியார் அடுப்படியிலிருந்து, "ஏத்தா, வந்தவுக வீட்டையே இருட்டாக்கிட்டாகளே" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, "இருட்டுல ஓடுனாத்தான் அத்தை மிஷினு, வெளிச்சத்துல எல்லாம் ஓடும்" என்றார். பிரிண்டரை மாவு அறையில் வைக்கவிடவில்லை. மாவுத்தூள் உள்ளே போனால் எழுத்து தேய்ந்துவிடும், தேதி தெரியாத மாவை எந்தத் தாய் பிள்ளைக்குக் கொடுப்பாள் என்றார். சனிக்கிழமைதோறும் பட்டியலை இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்கச் சொன்னார். ஒன்று என்னிடம். மற்றது வீரபாண்டியில் என் அம்மா வீட்டில்.

"அங்கன எதுக்கக்கா?"

"இங்கன ஏதாச்சும் ஆயிட்டா?"

தீப்பிடிப்பதையும் திருடு போவதையும்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று மதியமே, லேபிளின் அடிவரியை நிரப்பும்போது, விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "நம்பரு யாருது போட?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். "பொம்பள நம்பரையா ஒட்டி ஊர் ஊரா அனுப்புவாக? பெரியவன் நம்பரைப் போடுங்க. நாலு பேரு கூப்புடுவாக, ஆம்பளை பேசுனாத்தான் மருவாதி."

பழியை மாமியார்மேல் போட்டுவிடலாம். பல நாள் அப்படித்தான் போட்டேன். ஆனால் அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். காத்திருந்தார். அவர் கடைப் பலகையில் அவருடைய எண்தான் பெரிதாக எழுதியிருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள், யாரோ கூப்பிட்டு அசிங்கமாகப் பேச ஆரம்பித்தான். அக்கா போனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, பழைய லேப்டாப்பின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "உக்காருங்க. பேசட்டும், அவன் சார்ஜுதான் இறங்குது" என்றார். மாமியார் அப்படிச் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் போன்தானா? அல்லது ஒருவர் என்னிடம் பதிலுக்காகக் காத்திருப்பதே பழக்கமில்லாமல் போய்விட்டதா? தெரியவில்லை. "பெரிய மாமா நம்பரையே போடுங்கக்கா" என்று சொன்னது என் குரல்.

அக்கா தட்டச்சு செய்தார். லேபிளில், வாட்ஸ்அப் கடையில், இணையத்தில் எங்கள் பக்கத்தில், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு விண்ணப்பத்தில், எல்லாவற்றிலும் அதே எண்.

ஒரு வாரம் கழித்து, கூப்பிடாமலேயே வந்தார். பையிலிருந்து இந்த நீலப் போனை எடுத்தார். என் ஆதாரை வைத்து, என்னையே கடைக்குக் கூட்டிப்போய் ஒரு புது சிம் வாங்க வைத்தார். "இது பொம்பள நம்பரும் இல்ல, ஆம்பள நம்பரும் இல்ல. கடை நம்பரு. வாட்ஸ்அப்பு உங்க போன்லயே ஓடும், ஓடிபி மட்டும் இதுக்கு வரும். எவனாச்சும் கண்டபடி பேசுனா இதை அரிசிக்குள்ள போட்டு மூடிட்டு உங்க வேலையப் பாருங்க. நல்லாக் கேட்டுக்கங்க, ஓடிபி யாருக்கு வருதோ கடை அவுகளுது." பக்கத்தில் நின்றுகொண்டே தன் போனிலிருந்து கூப்பிட்டார். நீலப் போன் கையில் அதிர்ந்தது. எடுத்தேன். எதிரே நின்றவரின் உதடு ஒரு கணம் முன்னால் அசைய, குரல் பின்னால் வந்தது: "ஹலோ, மாவுக் கம்பெனிங்களா?" இருவரும் சிரித்தோம். அதுதான் முதல் அழைப்பு.

"அச்சடிச்ச லேபிள் ரோல் தீரட்டும்கா, மாத்திருவோம்" என்றேன். ரோல் தீர்ந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அது. அடுத்த ரோல் தீர்ந்தபோது வீரபாண்டித் திருவிழா. விசேஷ நாளில் பேச்சை எடுக்க வேண்டாம் என்று இருந்தேன். அதற்கடுத்த ரோலுக்கு எனக்குக் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கணவரின் அண்ணனோடு மருமகள் நேருக்கு நேர் நின்று பேசுவதில்லை. யாரும் தடுக்கவில்லை, வழக்கம் அப்படி. என் தொழிலின் எண் நான் பேசாத ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது. யாராவது தாய் கூப்பிட்டால் அவர் தோட்டத்திலிருந்து வந்து, போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஒரு செருமல் செருமி நகர்ந்துவிடுவார். நான் போய் எடுப்பேன். பேசி முடித்து அதே விளிம்பில் வைப்பேன். ஆரம்பத்தில் அது வேடிக்கையாக இருந்தது. ஒருத்தி மலையாளத்தில் தன் குழந்தையின் மலம் என்ன நிறம் என்று வாழைக்கு நடுவே நிற்கும் அவரிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் முகம் சிவக்க ஓடிவந்து, "ஆத்தா, அதை அவகிட்டக் குடு, எனக்குக் கேக்க முடியல" என்று மாமியாரிடம் போனை நீட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. முதல் வருடம் காய் வெட்டிக் கொடுத்தது, மூட்டை ஏற்றியது எல்லாம் அவர்தான். லேபிளைத் தேநீர்க் கடையில் காட்டிப் பெருமைப்பட்டாராம்.

வியாபாரம் கூடக்கூட அவர் ஜன்னலுக்கு வருவது குறைந்தது. அவரே பேசிவிடுவார். "எல்லாம் ஒரே கேள்விதானே கேக்குறாக" என்று மாமியாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரே கேள்விதான். எத்தனை மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாம்? ஆறு முடியவில்லை என்றால் வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள் என்பேன். அந்த ஒரு பதிலால் போன விற்பனை எவ்வளவோ. அதை நான் விற்பனையாக நினைத்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் குமுளிப் பக்கமிருந்து ஒரு பெண் பேருந்து ஏறி வந்தாள். லேபிளில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை. கையில் என் மாவுப் பொட்டலம், பாதி காலி.

"மாவு அரைக்கிற சேச்சி எவிட?" என்றாள். அவள் தேடிய அக்கா நான்தான் என்றேன்.

"நாலு மாசத்துக்கே கொடுக்கலாம்னு உங்க போன்ல சொன்னாங்க. இவளுக்கு வயித்தால போய், ஆஸ்பத்திரியில டிரிப் ஏத்துனோம். சேச்சிக்கும் குஞ்ஞு உண்டல்லோ?"

எனக்கும் குழந்தை இருக்கிறதே என்கிறாள்; என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வந்தது. பொட்டலத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். அந்த எண்ணில் பேசியது யாராக இருந்தாலும் அவளுக்கு அது நான்தான். மன்னிப்புக் கேட்டேன். குழந்தை தேறிவிட்டது, மணிக்கட்டு மட்டும் குச்சி போல இருந்தது. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

சாயங்காலம் பெரிய மாமா வந்ததும், மாமியார் வழியாக அல்ல, நேராகவே போய் நின்றேன். "நம்பரை மாத்தணும் மாமா. ஓடிபி வரும், சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வயித்தால போச்சு. அதுக்கு நான் ஆகாதவனாயிட்டேன். யாரு சொல்லிக் குடுத்தா?"

மாமியார் உடனே திருப்பூருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் என் கணவரின் குரல்: "அண்ணன் நம்பரைப் போடச் சொன்னது யாரு? நீயா?"

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆம் என்றால், நீயே கொடுத்துவிட்டு இப்போது ஏன் கேட்கிறாய் என்பார்கள். அத்தைதான் என்றால் வீடு பற்றிக்கொள்ளும். "கம்ப்யூட்டர் அக்காதான் எழுதுனாக" என்றேன். பொய் இல்லை. அவர் விரல்கள்தான் அந்த எண்ணைத் தட்டின. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அதன்பிறகு வந்த நாட்களை ஓட்டினேன்.

மாமியார் பிடித்துக்கொண்டார். "நான் அப்பவே நினைச்சேன். அவதான் போட்டுட்டு, இப்ப அவதான் மாத்தவும் சொல்றா. குடும்பம் இல்லாதவளுக்கு அடுத்த குடும்பத்துல என்ன வேலை?" அவர் மூத்த மகன் மறுநாள் உத்தமபாளையம் போய், கடைவாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, தன்னைக் கேட்காமல் தன் எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு இப்போது குடும்பத்தைக் கலைக்கிறாள் என்று சத்தம் போட்டிருக்கிறார். அக்கா என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "ஸ்க்ரூவத் திருகிக்கிட்டு இருந்தா" என்றார் மாமியார். அந்த எண்ணைப் போடச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாதா? அன்று அடுப்படி வாசலில் அவர்தானே நின்றார். தெரியும். இருவருக்கும் தெரியும். அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டோம்.

கடைவாசலில் அவர் சத்தம் போட்ட அன்று மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது இழுப்பறைக்குள் ஏதோ அதிர்ந்தது. திறந்தேன். நீலப் போன், திரையில் அக்காவின் எண். அது அதிர்ந்து அதிர்ந்து கைக்குட்டைகளின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. கையில் பாதி மடித்த என் மகளின் சட்டை. எடுத்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அல்லது ஒன்றுமே கேட்காமல், "நீங்க நல்லா இருக்கீகளா?" என்பார், அதற்குத்தான் இன்னும் பயந்தேன். நின்றது. மறுபடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

தோட்டத்தில் ஒரு தகரச் செட் போட்டார்கள். பெரிய அரவை இயந்திரம் வந்தது. லேப்டாப், பிரிண்டர், யூபிஎஸ் எல்லாம் அங்கே போயின. என்னிடமிருந்த பென் டிரைவ் லேப்டாப்பின் பையோடு போனது. "பிள்ளையப் பாரு ஆத்தா, அவன் பாத்துக்குவான்" என்று மாமியார் சொன்னதில் அன்புகூட இருந்தது. கணவர், "உனக்கும் ஓய்வுதானே" என்றார். இருவருக்கும் நான் தலையாட்டினேன். அக்கா தேர்ந்து கொடுத்த எந்தப் பொருளும் இன்றுவரை ஒரு நாள்கூடப் பழுதாகவில்லை. செட்டைத் தாண்டிப் போகும்போது பிரிண்டரின் கிர் கிர் சத்தம் கேட்கும். மோட்டார் போட்டாலும் நிற்பதில்லை. இவ்வளவு நம்பகமான ஒன்றை நான் என் வாழ்க்கையில் வாங்கியதே இல்லை.

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது, அம்மா ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "இது உன்னுதுதானே?" இரண்டாவது பென் டிரைவ். என் தம்பியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தாய்மார்களின் பெயர், ஊர், எண், குழந்தை பிறந்த மாதம் எல்லாம் அப்படியே இருந்தன. "இங்கன ஏதாச்சும் ஆயிட்டா?" என்று அவர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பும் வழியில் உத்தமபாளையத்தில் இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பழைய பலகையைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் புதுப்பெயர் எழுதியிருந்தார்கள். அக்கா தேனிக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், எர்ணாகுளம் என்றார் இன்னொருவர். ஊரில் வேலை கொடுக்கத் தயங்கினார்களாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது நீலப் போனும் பென் டிரைவும் என் முன்னால் இருக்கின்றன. மகள் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். செட்டிலிருந்து மாவு போய்க்கொண்டேதான் இருக்கிறது. அந்த எண்ணில் அதே கேள்விக்குப் பெரிய மாமா இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு, இது இப்போது நான் செய்யும் மாவு அல்ல, போனில் பேசுவது நான் அல்ல, ஆறு மாதம் முடியாமல் கொடுக்காதீர்கள் என்று இந்த நீலப் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பலாம். அனுப்பினால் இந்த வீட்டில் எனக்கும் என் மகளுக்கும் என்ன இடம் மிஞ்சும் என்று தெரியாது. அனுப்பாவிட்டால், அடுத்த முறை பேருந்து ஏறி வரும் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தெரியாது. இன்னொன்றும் செய்யவேண்டும். அக்காவின் எண் இந்தப் போனில், எடுக்காத அழைப்பாக, அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் தொழில் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். கூட்டுக் குடும்பத்து மருமகள்களும், என்னைப் போல ஒருவரைக் காட்டிக்கொடுத்தவர்களும் இருக்கக்கூடும். எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம்; அது ஓரிரண்டு நாளில் இறங்கிவிடும். ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். போனில் சார்ஜ் முழுதாக இருக்கிறது. முதலில் அந்தத் தாய்மார்களுக்கு எழுதட்டுமா, அக்காவைக் கூப்பிடட்டுமா? அவர் எடுத்தால், பேசுவது யார் என்று நான் என்ன சொல்லட்டும்?